அடியில் வளையம் விழுந்த கோதுகள்

பிக்கரிங்கிலிருந்து ஸ்காபரோ பக்கமாக நடந்துகொண்டிருந்தோம், அண்ணையும் நானும். பஸ்ஸுக்குக் காத்துநிற்க அவருக்குப் பொறுமை இல்லை. பனி சப்பாத்துக்குள் இறங்கியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அன்று இருவருக்கும் வேலை போயிருந்தது. வேலை பறிபோவது எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டதிலிருந்து நான் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. அண்ணைக்கு அப்படியில்லை. அவருடைய அகதி விசாரணை அடுத்த மாதம். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள்.

நாங்கள் வேலைசெய்தது வேட்டைத் துப்பாக்கித் தோட்டாக்களை மறுபடி நிரப்பும் சிறிய பட்டறையில். சுட்ட தோட்டாவின் வெற்று உறையான பித்தளைக் கோது, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையின் அளவுக்கு உப்பியிருக்கும். அதை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை. அதே துப்பாக்கியில் தடையில்லாமல் ஏறும்படி, கோதின் கழுத்தடியில் சரியும் தோளை மயிரிழை மட்டும் பின்தள்ளினால் போதும். முதலாளியோ எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தட்டும் என்று அச்சை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தார். அதிகம் தள்ளினால் அறைக்குள் இடைவெளி விழும். ஒவ்வொரு சூட்டுக்கும் கோது இழுபட்டு அடிப்பக்கம் மெலியும். ஒருநாள் அது அறுந்து, நெருப்புக் காற்று சுடுகிறவனின் முகத்துக்குத் திரும்பும்.

யாழ்ப்பாணத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர் அண்ணை. வளைத்த கம்பியைக் கோதுக்குள் விட்டுத் தடவி, மெலிந்தவற்றை ஒதுக்கினார். அவற்றின் அடியில் வெளியேயும் ஒரு வளையம் மினுங்கியது. முதலாளி வந்து எல்லாவற்றையும் திரும்பத் தட்டில் கொட்டினார். அண்ணை சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாக நசுக்கினார்.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?” என்று முதலாளி ஆங்கிலத்தில் கத்தினார்.

எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்று அண்ணை தன் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். போரிலிருந்து தப்பி வந்தவன் தோட்டாவைப் பற்றி இவ்வளவு தெரிந்தவனாக இருக்கக்கூடாது; இருந்தால் போராடியவன் என்றுதான் எடுப்பார்கள். இமிகிரேஷனுக்குச் சொல்லப்போவதாக மிரட்டி முதலாளி எங்கள் இருவருக்கும் வாசலைக் காட்டினார்.

“உதை ஏன் அண்ணை சொன்னனீங்கள்?” என்றேன் நடையில்.

“கோவத்தில வாயில வந்திட்டுதடா.”

“இனி உங்களைத் தளபதியெண்டெல்லோ எழுதப்போறாங்கள்.”

அவர் சிரிக்கவில்லை. “பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுவன்?” என்றார்.

முதலாளி சொன்னாரா இல்லையா என்பது எங்களுக்கு ஒருபோதும் தெரியவரவில்லை. அன்றிலிருந்து டெலிபோன் அடித்தால் அண்ணை எழுந்து குளியலறைக்குள் போய்விடுவார்.

மறுநாள் காலை டோர்செட் பார்க்கில், கூலிக்கு ஆளெடுத்து ஏற்றிப்போகும் வான் வண்டியடியில் நின்றோம். ஆளெடுப்பவனும் எங்களவன்தான்.

“அண்ணை, மெஷின் வேலை ஏதும் தெரியுமோ? நல்ல இடமொண்டு இருக்கு.”

அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார்.

“ஒண்டும் தெரியாது, தம்பி.”

எங்கள் இருவரையும் கோழித் தொழிற்சாலையில் இறக்கிவிட்டார்கள். குடல் உருவும் வேலை.