பை வராத ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் வரை நான் சேலத்தில் ஒரு தனிக்கட்டை குமாஸ்தா. இப்போதும் அதேதான். இடையில் பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல் வந்தது. திங்கட்கிழமை சம்மதம் சொல்ல வேண்டும். மலைமேல் கிளியூரில் அம்மா தனியாக இருக்கிறாரே என்று யோசித்தேன்.

ஞாயிறுதோறும் அம்மா பஸ் கண்டக்டரிடம் ஒரு பையில் கொய்யா கொடுத்தனுப்புவார். அந்த ஞாயிறு பை வரவில்லை. அதே பஸ்ஸில் மலையேறினேன். அடிவாரம் தாண்டுவதற்குள் மனதில் அம்மாவுக்குக் காரியமே செய்து முடித்துவிட்டேன். ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது. கிணற்றை எட்டிப் பார்த்து நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"ஏனுங்க, எதுக்கு அழுவறீங்க? அம்மா எஸ்டேட் ஜீப்புல அந்தப் பக்கத்து ரோட்டுல, குப்பனூர் வழியா உங்க ஊட்டுக்குத்தான் போயிருக்காங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

திரும்பி வந்தால், என் வாசற்படியில் அம்மா பையோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க கண்ணு போயிட்ட? நொம்ப பசிக்குது. மாத்தல் சேதிய கண்டக்டர் சொன்னாரு. நீ மெட்ராசுக்குப் போய்க்க சாமி, நான் தனியா இருந்துக்குவேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நீ இருந்துக்குவம்மா. நான் இருக்கணுமே!" என்றேன்.

மாற்றல் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் பை வராவிட்டால் மலையேறுவதில்லை. இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டு வாசலில் காத்திருக்கிறேன்.