மேட்டில் நின்றுபோகும் வேன்

பாலத்து மேட்டில் பாதி தூரம் ஏறியபோது வேன் மறுபடியும் செத்தது. இருமவில்லை, திணறவில்லை, விளக்கை அணைத்தது போல எஞ்சின் பட்டென்று அடங்கிப்போனது. பைலட்டம்மா கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் கிளம்பின. பைக்கில் வந்த ஒருவன் ஜன்னலருகே நிறுத்தி, "ஓட்டத் தெரியலன்னா வீட்ல உக்கார வேண்டியதுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க. மேட்டுல எனக்குக் கியர் சரியா விழல. என் தப்புதான்."

வேனுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் சிறுநீரகம் கெட்டவர்கள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் மையத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அவர்களுக்கு உயிர். ஒரு காலத்தில் அந்த வேனில் டயாலிசிஸுக்குப் போனது அவள் கணவன் ஒருவன்தான். அதற்கு முன் ரொட்டிக் கடைக்கு அவன் சரக்கு ஏற்றிய வண்டி அது. அவனுக்கு முடியாமல் போனதும் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மையத்து வாசலில் பஸ்ஸுக்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து, "வர்ற வழிதானே, ஏறுங்க" என்று ஆரம்பித்தது. கணவன் இறந்துபோன பிறகும் அவர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் போக வேண்டியிருந்தது. அதுவே அவளுக்குத் தொழிலாயிற்று. பைலட்டம்மா என்று பெயர் வைத்தது, வேனில் வருகிறவர்களில் ஒருத்தியான தையல்காரம்மா. குழி தெரியாமல் ஓட்டுவாள், குலுங்காமல் நிறுத்துவாள். ஊசி குத்திய கைகளுக்கு அது பெரிய விஷயம்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இப்போது கியர் போடத் தெரியவில்லை என்று தம்பி சொல்லியிருந்தான்.

தம்பி சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். வேனின் பானெட்டை அவனைத் தவிர யாரும் திறந்ததில்லை. முதல் தடவை வேன் நின்றபோது டீசலில் தண்ணீர் என்றான். அடுத்த தடவை பம்ப், அப்புறம் ஏதோ சென்சார். எதை மாற்றினாலும் மேடு ஏறினால் நின்றது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். அவன் வந்து பார்க்கும்போதெல்லாம் நல்ல பிள்ளையாக ஓடும். கடைசியில், "வண்டியில ஒண்ணுமில்லக்கா. நீதான் கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டுற. வயசாகுதில்ல" என்றான்.

அவள் நம்பினாள். கூடப் பிறந்தவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? விடுமுறை நாளில் சந்தை மைதானம் காலியாக இருக்கும்போது அங்கே வேனைக் கொண்டுபோய், முதல் கியர், இரண்டாவது கியர் என்று நேற்று ஓட்டக் கற்றவள் போலப் பழகினாள். தம்பி பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா, இப்ப விடு" என்று சொல்லிக்கொடுத்தான். நடுவில் சிரிக்கவும் செய்தான்.

அன்று பாலத்தில் நின்ற வேன் கிளம்பி மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, வேனில் வந்த வாத்தியாருக்கு ஒதுக்கிய மெஷினில் வேறொருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். நாளைக்கு வரச் சொன்னார்கள். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். "பரவாயில்லம்மா, ஒரு நாள்தானே" என்றார். மறுநாள் விடிந்ததும் அவர் மகள் போன் செய்தாள். நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தார்கள்.

பைலட்டம்மா போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். முகத்தில் மாஸ்க்கோடு கிடந்தார். அந்த மகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்புறத் தெருவில் வண்டிகளுக்கு வயர் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். தம்பி கோபித்துக்கொள்வான் என்று அதுவரை அங்கே போகாமல் இருந்தவள், அன்று நேரே போய் வேனை நிறுத்தினாள். "என் டிரைவிங்ல கோளாறா, வண்டியில கோளாறான்னு எனக்குத் தெரியணும்."

எலக்ட்ரீஷியன் அதிகம் பேசுகிறவர் இல்லை. தம்பி என்னென்ன மாற்றினான் என்று அவள் சொன்னதைக் கேட்டார். எஞ்சினை ஓடவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றினார். உள்ளே அலுமினியப் பெட்டி ஒன்று இருந்தது. எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று முடிவு பண்ணும் கம்ப்யூட்டர் அதுதான். வீட்டிலிருந்து மகளுடைய தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்து வந்து அந்தப் பெட்டி மேல் சூடாகக் காற்றைப் பிடித்தார். வேன் தட்டையான தெருவில் நியூட்ரலில் நின்றுகொண்டிருந்தது. யாரும் கிளட்ச்சைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் பட்டென்று நின்றது. அதே மாதிரி.

"சூடானா உள்ள ஈயம் பத்தவச்ச இடம் விட்டுப்போகுது," என்றார். "ஆறினா ஒட்டிக்குது. மேட்டுல எஞ்சின் சூடாகும்ல, அதான். உங்க டிரைவிங்ல ஒண்ணுமில்ல." பெட்டியைத் திருப்பினார். "இத யாரோ பிரிச்சு, பசை போட்டு ஒட்டியிருக்காங்களே?"

"யாரும் பிரிக்கலையே."

பெட்டி ஆறியதும் ஸ்கேனர் வயரைச் செருகினார். கம்ப்யூட்டருக்குள் பதிந்திருந்த சேஸிஸ் நம்பர் திரையில் வந்தது. அவர் குனிந்து வேனின் உடம்பில் அடித்திருந்த நம்பரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "அம்மா, இது உங்க வண்டியோடது இல்ல. வேற ஏதோ வேனோட பெட்டி." சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக, "எனக்கெதுக்கு உங்க குடும்ப விவகாரம்" என்றார்.

ஷெட்டில் தம்பி ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வெளிய வாடா."

"அக்காவா? டீ சொல்லட்டுமா?"

"என் வேனோட கம்ப்யூட்டர் எங்கடா?"

காருக்கடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. அவன் வெளியே வர அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கத்தாதக்கா, கஸ்டமர் இருக்காங்க."

"கேக்கட்டும். அவங்க வண்டியில என்னத்தக் கழட்டினியோ, அவங்களுக்கும் தெரியட்டும்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். சுற்றுலா வேன்காரர் ஒருவர். அவரிடமும் இதே மாடல். அவருடைய கம்ப்யூட்டர் புகைந்துபோன நாளில் வெளியூர்ப் பயணம் இருந்தது. புதுசு கிடைக்கவில்லை. அக்காவின் வேன் அன்று ஆயில் மாற்ற ஷெட்டில் நின்றது. அவளுடையதைக் கழற்றி அவருக்குப் போட்டான். அவருடையதை ஒருவிதமாகப் பற்றவைத்து இவளுக்குப் போட்டான். "ரெண்டு நாள்ல மாத்திடலாம்னுதான்க்கா. அவரு திரும்பி வந்தா அடுத்த டிரிப், அடுத்த டிரிப்னு... வேற யாரு வண்டியில நான் கை வைக்க முடியும்? அக்கா வண்டிதானேன்னு ஒரு உரிமையில..."

"உரிமையா?" அவள் கத்தினாள். "மைதானத்துல என்னைக் கியர் மாத்தி மாத்திப் பழகவிட்டு பக்கத்துல நின்னு சிரிச்சியே, அதுவும் உரிமையா? தப்பு யாருதுன்னு தெரிஞ்சே நின்ன. நான் அத்தனை பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுத் திரியுறேன்டா! அங்க ஒரு மனுஷன் மூச்சுவிட முடியாமக் கெடக்குறாரு!"

அவள் பெட்டியை உடனே திருப்பித் தரவும் அவனுக்கு வழியில்லை. சுற்றுலா வேன் வெளியூர் போயிருந்தது, வர இரண்டு நாளாகும்.

"அதுவரைக்கும் என் ஆளுங்கள உன் கார்ல நீ கூட்டிட்டுப் போ. நேரத்துக்குப் போகணும். கையைப் பிடிச்சு இறக்கிவிடணும்."

போனான். தையல்காரம்மா போனில், "உங்க தம்பி தங்கமான புள்ள, என்னமாப் பாத்துக்குறாரு" என்று சொன்னபோது பைலட்டம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனே வாயைத் திறந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை.

சுற்றுலா வேன் திரும்பி வந்த அன்று ஷெட்டில் முதல் ஆளாக அவள் நின்றாள். "உங்க வண்டியில ஓடிக்கிட்டிருக்கறது என்னோட பெட்டி" என்றாள். வேன்காரர் புதுப் பெட்டி என்று நினைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டியிருந்தார். அவர் தம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டியபோது அவள் குறுக்கே போகவில்லை. தம்பி இரண்டு பேர் கண் முன்னாலும் அதைக் கழற்றிக் கொடுத்தான். மாட்டித் தரட்டுமா என்று கேட்டான். "நீ தொடாத" என்றாள்.

மாட்டியது எலக்ட்ரீஷியன். அவர் பேட்டரி வயரை எடுத்துவிட்டு, பழையதை இறக்கி, இதை வைத்து முடுக்கினார். ஸ்கேனரில் அவள் வேனின் நம்பரே வந்தது. மறுபடியும் சூடான காற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். எஞ்சின் அசரவில்லை. பாலத்து மேட்டில் காலி வேனை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் இன்னும் ஏறியது. இவ்வளவுதான் வேலை.

அடுத்த முறை எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் வண்டியை எடுப்பதற்கு முன் திரும்பிச் சொன்னாள். "வேன் நின்னது என் தப்பு இல்ல. என் தம்பி தப்பு." என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தம்பியைப் புகழ்ந்த தையல்காரம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அம்மா போன் செய்தாள். "கூடப் பிறந்தவன்டி. புள்ளகுட்டிக்காரன். விட்டுடேன்."

"வாத்தியாருக்கும் ஒரு புள்ள இருக்கும்மா. அவரு வீட்டுக்குப் போய், நான்தான் செஞ்சேன்னு உங்க மகன் ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னிக்குப் பேசுறேன்."

வாத்தியார் பிழைத்துக்கொண்டார். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்து, முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவனை ரொம்பக் கடிஞ்சுக்காதீங்கம்மா" என்றார்.

"நீங்க மன்னிங்க சார், அது உங்க குணம்" என்றாள் அவள். "என்னால முடியாது."

தம்பி இன்னும் அவர் வீட்டுப் படி ஏறவில்லை. அக்காவுக்கு அம்மா மூலமாகப் பழக்கூடை அனுப்பினான். பைலட்டம்மா அதை வாங்கிய கையோடு திருப்பி அனுப்பினாள். வேனுக்கு ஆயில் மாற்றும் நாள் வந்தது. வேறொரு ஷெட்டுக்குப் போகத் தம்பியின் ஷெட்டைத் தாண்டித்தான் வழி. அவன் வெளியே வந்து நிற்பது தெரிந்தது. அவள் வேகத்தைக் குறைக்காமல் போனாள்.