டைனோசருக்கும் மூத்த உருண்டை

அந்த அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளைக் குமிழி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் டிக்கெட் கொடுப்பவர். அவர் கேலிக்கு வைத்தார், அவளோ பட்டம் கிடைத்த மாதிரி வாங்கிக்கொண்டாள். உயிரியல் படித்து ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்பட்டவள். அப்பா படுத்த படுக்கையானதும் கையில் கிடைத்த வழிகாட்டி வேலைக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து முதல் அறை அவள் பொறுப்பு.

பூமியில் உயிர் எப்படித் தொடங்கியது என்று சொல்லும் அறை அது. சுவரில் கொதிக்கும் குட்டைகளின் படம். நடுவில் முதல் செல்லின் மாதிரியாக, அவளே வண்ணம் பூசிய இடுப்பளவு உருண்டை. அடுத்த கூடத்தில் டைனோசர் எலும்புக்கூடு வாயைப் பிளந்து நிற்கும்போது உருண்டையை எவன் பார்ப்பான்? ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு அங்கே ஓடுவார்கள்.

அவளா விடுவாள்? வழியை மறித்து ஒரு மேஜை. அதில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு தட்டு சோப்புத் தண்ணீர், ஒரு கம்பி வளையம். வளையத்தில் சோப்புப் படலம் எடுத்து நீட்டுவாள். காய்ந்த விரல் பட்டால் பட்டென்று உடைந்துவிடும். நனைத்த விரலுக்கு வழி விட்டு, விரலை எடுத்ததும் மூடிக்கொள்ளும். விரலை நனைக்காமல் ஒருவரும் டைனோசரிடம் போகக் கூடாது. அது அவள் போட்ட சட்டம்.

“முதல் செல்லுக்கும் கிட்டத்தட்ட இப்படி ஒரு தோல் இருந்திருக்கும்னு நினைக்கிறாங்க. அப்போ காத்துல ஆக்சிஜன் கிடையாது, வெயில தடுக்க மேல ஒண்ணும் கிடையாது. எத்தனையோ உடைஞ்சு போயிருக்கும். எதுக்கும் அடங்காம ஏதோ ஒண்ணு நின்னுச்சு. அந்தப் பிடிவாதம்தான் நாம.”

மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. அந்த அறையைப் பொம்மைக் கடை ஆக்க முடிவு செய்துவிட்டார்.

“யாரும் நிக்காத ரூம்மா அது. நின்னாலும் தரையெல்லாம் ஈரம். திங்கக்கிழமைலேர்ந்து நீங்க டிக்கெட் கவுண்டருக்குப் போயிடுங்க.”

“மாட்டேன் சார்.”

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதாள். பஸ் ஓட்டும் கணவன், “ஒரு சோப்புத் தண்ணிக்கா இவ்வளவு ரோஷம்?” என்று கேட்டுப் பார்த்தான்.

“ரோஷம்தான். படிச்ச படிப்புக்கு எனக்குக் கிடைச்சது அந்த ஒரு ரூம்தான்.”



திங்கட்கிழமை போனாள். அறை காலி. ஆனால் டைனோசர் கூடத்தில் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அறையைக் காலி செய்த ஆட்கள் உருண்டையை டைனோசர் முட்டை என்று நினைத்துக்கொண்டு, அதன் வயிற்றுக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தார்கள். சுற்றிலும் வைக்கோல் வேறு பரப்பியிருந்தார்கள், புண்ணியவான்கள்.

அவள் கவுண்டர் பக்கமே போகவில்லை. மூலையில் கிடந்த மேஜையை இழுத்து வந்து உருண்டைக்குப் பக்கத்தில் போட்டாள்.

“இது முட்டை இல்லீங்க. இந்த டைனோசருக்கும் மூத்தது. உங்களுக்கும் எனக்கும் மூத்தது. ஒவ்வொருத்தரா வாங்க, கைய நனைச்சுக்கிட்டு வாங்க.”

வரிசை வாசல் வரை நீண்டது. அதைப் பார்த்துவிட்டு மேலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“உங்களை எங்க இருக்கச் சொன்னேன்? இதையெல்லாம் முதல்ல எடுங்க.”

“எடுக்க மாட்டேன் சார். இது இல்லாம அது எங்கேர்ந்து வந்துச்சாம்?” என்று மேலே எலும்புக்கூட்டைக் காட்டினாள்.

“வேலை போயிடும்மா.”

“போகட்டும் சார். நிக்கிறவங்களுக்குச் சொல்லி முடிச்சிட்டுப் போறேன்.”

அவர் அவள் கையிலிருந்த வளையத்தைத் தள்ளிவிடக் கையை வீசினார். விரல் பட்டுப் படலம் உடைந்தது.

அவள் வளையத்தை மறுபடி சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். புதுப் படலம் பளபளத்தது.

“கைய நனைச்சுக்கிட்டு வாங்க சார்,” என்றாள். “வரிசை அங்க ஆரம்பிக்குது.”