மூன்றாம் வரிசைக் களிமண்

புரோகிராம் எழுதுகிறவனுக்கு அதை அடுத்தவர் கையில் கொடுக்கும்வரைதான் நிம்மதி. என்னைப் போல் பட்டவர்களுக்கு இது புரியும்.

இரண்டாயிரத்துச் சொச்ச வருடங்களில் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு கம்பெனிக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். திரையில் இரண்டு பட்டியல். மேலே ஆர்டர் கொடுத்த கடைகள். ஒன்றை மவுஸால் தொட்டால் அதற்குப் போகவேண்டிய சரக்கு கீழே வரும். ஒரு லோடு மாறிப் போனாலும் ஆர்டர் எழுதிப் போடும் பழைய கரும்பலகைக்கே திரும்பிவிடுவோம் என்றார் முதலாளி. அப்படி நடந்தால் பேட்டையில் வேறு யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

காலிப் பட்டியல்

முதல் நாள் காலை, பேக்கிங் பார்க்கும் செல்வி அக்கா கம்ப்யூட்டரைப் போட்டார். கீழ்ப் பட்டியல் காலி. இன்றைக்கு லோடு இல்லை என்று எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டார். மேலே ஒரு கடையைத் தொடவேண்டும் என்று ஓடிப்போய் விளக்கினேன்.

"சரக்கு கேட்டது அவங்க. நான் எதுக்கு தம்பி தொடணும்?"

பொட்டு

திறந்ததும் முதல் கடையின் சரக்கு தானாகத் தெரியும்படி மாற்றினேன். அடுத்த வாரம் போனால் மானிட்டரில், மூன்றாவது வரிசைக்கு நேராக, ஈரக் களிமண் பொட்டு. சூளைக்கு ஏற்றும்போது எண்ணி முடித்த தட்டில் ஒரு பொட்டு வைப்பது அங்கே வழக்கம். தொட்ட கடையைக் காட்டும் நீலப் பட்டை கண்ணுக்குத் தெரியவில்லை என்று அக்கா இங்கேயும் வைத்துவிட்டார். பட்டியல் நகரும், பொட்டு நகராது என்று சொல்லித் துடைத்தேன். எனக்குச் சிரிப்பு வேறு.

"அப்ப நகராத பட்டியலா போட்டுக் குடு."

மங்களூர் லோடு

ஒரு நாள் மூன்றாவது வரிசையில் இருந்த பெண்ணாடம் கடையை அக்கா தொட்டு வைத்திருந்தார். முதலாளி வந்து தேதி வரிசைப்படி மாற்றினார். அந்த இடத்துக்குத் திட்டக்குடிப் பக்கத்து மங்களூர் கடை வந்தது. நீலப் பட்டை மூன்றாவது வரிசையிலேயே இருக்க, கீழே பெண்ணாடம் சரக்கு அப்படியே நின்றது. அக்கா திரையில் இருந்தபடியே மங்களூருக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். தற்செயலாகப் போன நான் திரையைப் பார்த்ததும் லோடு மாறிப்போனதைப் புரிந்துகொண்டேன். முதலாளியின் வண்டியை எடுத்துக்கொண்டு லாரியை விரட்டினேன். ரயில்வே கேட் மூடியிருந்ததால் லாரி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

திருப்பிக்கொண்டு வந்து புரோகிராமைப் பிரித்துப் பார்த்தேன். தொட்ட கடை எது என்று அது நினைவில் வைக்கவில்லை. மூன்றாவது வரிசை என்று மட்டும் வைத்திருந்தது. மறைக்காமல் சொன்னேன். முதலாளி கரும்பலகையைப் பார்த்தார். அக்காதான் பேசினார்.

"நான் பொட்ட வெளிய ஒட்டுனேன், தம்பி உள்ள ஒட்டியிருக்குது. தொடச்சா போயிடும், வுடுங்க."

முதலாளி விட்டுவிட்டார். கம்ப்யூட்டர் படித்தவன் நான்தான் என்றாலும், அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டரைக் காப்பாற்றியது செல்வி அக்காவும் ஒரு ரயில்வே கேட்டும்.