ஹெலிகொப்டர் இறங்காத திருவிழா

என் கணவர் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். காய்ச்சல், இருமல், இடுப்பு வலி, மாமியார் தொல்லை என்று எதைச் சொல்லிக்கொண்டு போனாலும் ஒரே போத்தலிலிருந்து இரண்டு வெள்ளை மாத்திரை தருவார். அதே மனிதருக்கு ஒரு சினிமாப் பாட்டுக்குக் கிட்டார் வாசிக்க ஆறு விதமான சத்தம் வேண்டும். பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று, நடுவில் தனியாக வாசிக்கும் இடத்துக்கு எட்டுத் தோட்டத்துக்குக் கேட்கிற மாதிரி ஒன்று. இந்த நோய்க்கு அவரிடம் மாத்திரை கிடையாது.

சத்தங்களெல்லாம் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. கட்டாரில் வேலை செய்கிற அவருடைய அண்ணன் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. சத்தம் மாற்ற வேண்டுமானால் பெட்டி இருக்கும் இடத்துக்குக் குனிந்து, திருகைத் திருப்பி, எண் வந்ததா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பிறகு நிமிர வேண்டும். ஒரு பாட்டுக்கு நாலு தடவை இது நடக்கும். மேடையில் அவரைப் பார்த்தவர்களை விட அவர் முதுகைப் பார்த்தவர்களே அதிகம்.

அவர் வாசித்த இசைக்குழு ஹட்டனில் இருந்தது. அதன் சொந்தக்காரர் கீபோட் வாசிப்பவர். அவர் ஒரு புதுக் கீபோட் வாங்கிய நாளிலிருந்து அவர் பேச்சே மாறிவிட்டது.

"தம்பி, நீங்க குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள சனம் போயி பிளேன்டீ குடிச்சிட்டு வந்துருது. என்னோட கீபோட்டுக்குள்ளயே நாலு கிட்டார் இருக்கு, அது ஒண்ணும் குனியாது. ஒங்க லிந்துல தோட்டத்துத் திருவிழாவோட பாப்போம். சரிவரலன்னா நிறுத்திக்குவோம்."

அன்று வீட்டுக்கு வந்தவர் கிட்டாரைக் கட்டிலில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். வாரத்தில் ஆறு நாளும் சளியையும் சிரங்கையும் பார்க்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை ஒன்றுதான் இருந்தது. நான் எதற்கெடுத்தாலும் அவரைக் கிண்டல் செய்கிறவள். அன்று மட்டும் சோற்றைப் போட்டுக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன்.

விஷயம் கட்டாருக்குப் போனது. இரண்டு மாதத்தில் அண்ணன் இன்னொன்றை அனுப்பினார். காலால் மிதிக்கும் நீளமான இரும்புப் பலகை, அதில் ஆறு பொத்தான், கூடவே ஐந்து ஊசி உள்ள ஒரு வயர். இனிக் குனிய வேண்டாம், மிதித்தால் பெட்டி தானாகச் சத்தத்தை மாற்றிக்கொள்ளும். ஆனால் எந்தப் பொத்தானுக்கு எந்தச் சத்தம் என்பதை முதலில் நாம் பலகைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பது ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது.

இங்கேதான் நான் மேடை ஏறுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிப்பவள் நான். வெளிநாட்டு ஏஜென்சிக் கடிதமோ, கோர்ட்டுக் கடிதமோ, தோட்டத்துத் துரையின் நோட்டீசோ, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நேரே என் வாசலுக்குத்தான் வரும். வாசித்து அர்த்தம் சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தில் தெரியும் மரியாதையைக் கொஞ்ச நேரம் அனுபவிப்பேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரு மிதிபலகைப் புத்தகம் எம்மாத்திரம்!

குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் ஒரு வாரம் போனது. முதல் நாள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டுச் சேமிக்க மறந்து அணைத்துவிட்டேன். இரண்டாம் நாள் சேமித்தேன், தப்பானதை. மூன்றாம் நாள் ஒரு முக்கியமான விஷயம் புரிந்தது. அந்த வயர் சத்தத்தைக் கடத்துவதில்லை, வெறும் எண்ணைத்தான் கடத்துகிறது. பலகை "நூற்றிருபத்தாறு" என்று சொல்லும், பெட்டி தன்னிடம் உள்ள நூற்றிருபத்தாறாவது சத்தத்தை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பெட்டியில் மொத்தம் நூற்றிருபத்தெட்டு இடம். முன்னால் எல்லாம் நிரம்பியிருந்தது. லயத்தில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குக் கடைசிக் காம்பரா கிடைப்பதுபோல இவருடைய ஆறு சத்தத்துக்கும் கடைசி ஆறு இடம்தான் கிடைத்தது. நூற்றிருபத்து மூன்று முதல் நூற்றிருபத்தெட்டு வரை. முதல் பொத்தானிலிருந்து ஆறாம் பொத்தான் வரை அதே வரிசையில் போட்டேன்.

முப்பத்தொன்றாம் பக்கத்தை வாசிக்கவில்லை. ஒரே வயரில் இரண்டு கருவி இருந்தால் என்ன செய்வது என்று ஏதோ இருந்தது. நம்மிடம் இருப்பது ஒரு பெட்டிதானே என்று திருப்பிவிட்டேன். பாடப் புத்தகத்தில் பக்கம் தாண்டுகிற பிள்ளைகளை முழங்காலில் நிற்க வைக்கிற டீச்சர் நான்.

சனிக்கிழமை அவர் காலுறையோடு பலகை முன் நின்று, ஒவ்வொன்றாக மிதித்து வாசித்தார். ஒரு தடவைகூடக் குனியவில்லை. அவர் இவ்வளவு உயரம் என்பதையே அன்றுதான் கவனித்தேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஒத்திகைக்கு வட்டகொடையில் ரயில் ஏறி நானும் ஹட்டன் போனேன். போக வேண்டிய அவசியமே இல்லை, பாராட்டை வாங்கத்தான் போனேன். கீபோட்காரர் பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"டீச்சர், இத என்னோட கீபோட்டுக்கும் குடுக்கலாமா? எனக்கும் சத்தம் மாத்த கை பத்த மாட்டேங்குது."

"தாராளமா! பெட்டிக்குப் பின்னால இன்னொரு ஓட்ட இருக்கு. அதுலருந்து ஒரு வயரப் போட்டா ஒரே மிதியில ரெண்டும் மாறும்," என்றேன்.

அன்று இரண்டாவது வயர் யாரிடமும் இல்லை, திருவிழாவுக்குள் வாங்கிவிடுவதாகச் சொன்னார். அவருடைய கீபோட் மூடியில் அதன் சத்தங்களின் பட்டியல் அச்சாகியிருந்தது. கடைசி வரிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன். கடலலை, குருவிச் சத்தம், டெலிபோன் மணி, ஹெலிகொப்டர், கைதட்டல், கடைசியில் துப்பாக்கி வெடி. இதையெல்லாம் எந்தப் பாட்டில் வாசிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் என் கணவர் கேட்டார்: "அந்தப் பொஸ்தகத்த முழுசா வாசிச்சியா?"

"ரெண்டு தடவ," என்றேன்.

திருவிழா மேடையைப் பெரட்டுக்களத்தில் போட்டிருந்தார்கள், காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் அதே இடத்தில். நிகழ்ச்சி பகல் மூன்று மணிக்கு. கீபோட்காரர் புது வயரோடு வந்தார். கோயில் கமிட்டியும் என் பள்ளிக்கூடத்துப் பெற்றோரும் பார்த்துக்கொண்டிருக்க, நானே மேடை ஏறி அதைச் சொருகிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டேன்.

"ஒரு தடவ மிதிச்சுப் பாத்துருவமா?" என்றார் என் கணவர்.

"ஸ்பீக்கர்ல அம்மன் பாட்டு போகுது. எல்லாம் சரியாத்தான் இருக்கு, சும்மா இருங்க."

முதல் பாட்டு, புது வயர் சொருகுவதற்கு முன்பே மிதித்து வைத்திருந்த முதல் பொத்தானிலேயே ஓடியது. இரண்டாம் சரணத்துக்கு வருவதற்குள் தொழிற்சங்கத் தலைவரின் ஜீப் வந்துவிட்டது. தலைவர் வந்தால் எந்தப் பாட்டானாலும் பாதியில் நிற்க வேண்டும். அவர் ஜீப்பிலிருந்து இறங்கி, மாலை வாங்கி, நாற்காலியில் உட்காரும் வரைக்கும் வரவேற்பு இசை போட வேண்டும். கீபோட்காரர் ட்ரம்பட் சத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு பத்து விரலையும் தூக்கினார். என் கணவர், பொறுப்பான மனிதர், வரவேற்புக்கென்று வைத்திருந்த நான்காம் பொத்தானை மிதித்தார்.

நான்காம் பொத்தான், நூற்றிருபத்தாறு. பெட்டி தன் நூற்றிருபத்தாறை எடுத்தது. கீபோட்டும் தன் நூற்றிருபத்தாறை எடுத்தது. பத்து விரலுக்கும் சேர்த்துப் பெரட்டுக்களத்துக்கு மேலே ஒரு படையே பறந்தது.

போன தேர்தலில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நிஜமாகவே ஒரு ஹெலிகொப்டர் இறங்கியிருந்தது. சனத்துக்கு அது போதும். "மைதானத்துலடா!" என்று யாரோ கத்த, குழந்தை குட்டியோடு கூட்டம் முழுவதும் மைதானத்தைப் பார்த்து ஓடியது. கமிட்டிக்காரர் அப்போதுதான் தலைவரின் கழுத்தில் மாலையைப் போட்டிருந்தார். தலைவர் வானத்தைப் பார்த்தார். தனக்கு மேலே உள்ள யாரோ சொல்லாமல் வந்துவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். கழுத்து மாலையைச் சட்டென்று கழற்றி, யாருக்கோ போடத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டார். அவருடைய மெய்க்காவலர் மூன்று பேரும் துப்பாக்கியோடு வானத்தைத் தேடினார்கள்.

எனக்கு மட்டும்தான் என்ன நடந்தது என்று விளங்கியது. அடுத்து என்ன நடக்கும் என்பதும் விளங்கியது. வரவேற்பு இசையின் முடிவுக்கு அவர் ஆறாம் பொத்தானை மிதிப்பார். ஆறாம் பொத்தான், துப்பாக்கி வெடி. கீழே நிற்கிற மூன்று பேர் கையிலும் நிஜத் துப்பாக்கி.

ஓடினேன். மேடைக்குக் கிட்டே ஒரு மெய்க்காவலர் மறித்தார். இரண்டு கையையும் தூக்கி ஆறு விரலைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஒரு வாரம் குசினியில் எண் எண்ணாகப் பாடம் எடுத்த மனைவி ஆறு விரலைக் காட்டினால் புருஷன் என்ன நினைப்பார்? தலையாட்டி ஆறாம் பொத்தானுக்கு மேலே காலைத் தூக்கினார்.

"குனிங்க!" என்று கத்தினேன். "குனிஞ்சு அந்த வயரப் புடுங்குங்க!"

குனிவது மட்டும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. குனிந்தார், பிடுங்கினார், பெட்டியின் திருகைக் கையால் திருப்பினார், நிமிர்ந்தார். கீபோட்காரர் பயத்தில் கீபோட்டின் சுவிட்சையே அணைத்திருந்தார். கிட்டார் ஒன்றே தனியாக வரவேற்பு இசையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வாசித்தது. தலைவர் மாலையைத் தானே திரும்பப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஓடிய சனம் மூச்சு வாங்கத் திரும்பி வந்தது.

"மிஸ்ட்டுல எறங்க முடியாம போயிருச்சு," என்று அவர்களே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்கள். அன்று நல்ல வெயில்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கீபோட்காரர் புது வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "யாரு பண்ண வேல இது?"

நான் வாயைத் திறந்தேன். கமிட்டிக்காரர்கள் நின்றார்கள். பெற்றோர்கள் நின்றார்கள். எங்கள் பள்ளிக்கூட அதிபரும் நின்றார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"நாந்தாங்க," என்றார் என் கணவர். "வீட்டுல சரியாத்தான் போட்டுக் குடுத்தாங்க. நாந்தான் பெறகு வயர மாத்திச் சொருகிட்டேன்."

"அப்ப இதோட நிறுத்திக்குவோம் தம்பி."

ஊரைப் பற்றியெல்லாம் வக்கணையாகப் பேசுகிற என் வாய், பேச வேண்டிய ஒரே நேரத்தில் பேசவில்லை. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"எனக்கு போனது ஒரு பேண்டு. ஒனக்கு தெரியலன்னு ஒரு தடவ வெளிய வந்துட்டா, நாளைக்கு சனம் கடிதாசியத் தூக்கிக்கிட்டு யாருகிட்ட போகும்?" கொஞ்ச தூரம் போய், "முப்பத்தோராம் பக்கத்துல படம் போட்டிருந்திச்சு. ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பர், மேல ஒரு பெருக்கல் குறி. படத்துக்கு இங்கிலீசு வேணாமே," என்றார்.

ஹட்டனுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு பரீட்சைத் தாள். பிறகு வந்த ஞாயிறுகளுக்கு என்னிடம் சாக்குகூட இல்லை, போகவில்லை.

இப்போது அவர் வீட்டில்தான் வாசிக்கிறார். நான் பள்ளிக்கூடம் விட்டு வாசலுக்கு வந்ததும் அந்த வரவேற்பு இசையைத்தான் எடுப்பார். முதல் நாள் சிரித்தேன். பிறகு சிரிக்க வரவில்லை. கையில் சோக்கட்டித் தூளோடு, அது முடியும் வரை வாசலிலேயே நிற்கிறேன். கழுத்தில் மாலை இருந்தால் நானும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவள்தான். எனக்கு மேலே உள்ளவர் சாரம் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறார்.