வனஜாவின் புது மானிட்டர்

மராத்தி ஊரான தாபோடியில் வனஜாவிடம் பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்களைக் கேட்டால், வேலை சுத்தம், வாய்தான் ஓயாது என்பார்கள். அன்றைக்கு அந்த வாயே அடைத்துப் போயிருந்தது.

சாயங்காலம் தேஜஸ்வினி வருகிறாள். மராத்திப் பெண், தமிழ்ப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அவர்கள் ஊர் பைட்டணிப் பட்டுச்சேலை மயிலும் நம்மூர் அன்னப்பட்சியும் கல்யாண பிளவுஸின் ஒரே முதுகில் சண்டை போடாமல் இருக்க வேண்டுமாம். வனஜா மல்லுக்கட்டி வரைந்த அந்த எம்பிராய்டரி டிசைன் பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதன் மானிட்டரோ காலையில் மண்டையைப் போட்டுவிட்டது. காட்ட முடியாவிட்டால் பெண் மகர்பட்டாவில் இருக்கிற பெரிய கடைக்குப் போய்விடுவாள். போகட்டும் என்று விட வனஜாவுக்கு மனசே இல்லை. இதுவரை போட்டதில் இதுதான் அவளுக்கு உயிர்.

கணவர் பட்டாபிராமன் போசரி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடிப்போய்ப் புது மானிட்டர் வாங்கி வந்தார். கம்ப்யூட்டரின் பின்பக்கம் நீல நிறத்தில் அகல வாய். மானிட்டருக்கோ ஒல்லி வாய். பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூட இல்லை. மறுபடி ஓடி, நடுவில் மாட்டும் கன்வர்ட்டர் வாங்கி வந்தார். அதற்குக் கரண்ட் வேண்டுமென்று ஒரு யூஎஸ்பி வால் வேறு. பின்னால் இடமில்லாததால் கம்ப்யூட்டரின் முன்பக்கம் சொருகினார். திரையில் ‘நோ சிக்னல்’.

“ஏமாத்திட்டான் கடைக்காரன். பக்கா சோர்!”

“அவனை ஏன் திட்றீங்க? நல்லா அழுத்துங்க.”

“இதுக்கு மேல அழுத்தினா அந்தப் பக்கம் வந்துடும்!”

வனஜா அந்த யூஎஸ்பி வாலைப் பிடுங்கிவிட்டு, குனிந்து மொபைல் வெளிச்சத்தில் பார்த்தாள். துளைக்குள் மஞ்சளாகக் கெட்டியாக ஏதோ. முகர்ந்தாள். சந்தனம்! வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு, கண் மாதிரி இருக்கிற அந்த இரண்டு துளைக்கும் குறை வைக்காமல் பொட்டு வைத்தது சாட்சாத் அவளேதான். வெட்கமும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன.

கம்ப்யூட்டரை அணைத்து, பல்குத்தும் குச்சியால் பொறுமையாகச் சுரண்டினாள். மறுபடி மாட்டியதும் மயிலும் அன்னமும் பளிச்சென்று வந்து நின்றன. பழைய மானிட்டரில் இந்தப் பச்சையை அவள் பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது.

தேஜஸ்வினி வந்தாள், பார்த்தாள், “மாவ்ஷி, கித்தி சுந்தர்!” என்று அழகை வியந்து கட்டிக்கொண்டாள். இதையே போடுங்கள் என்று துணியையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் வனஜா குங்குமச் சிமிழோடு புது மானிட்டரிடம் வந்தாள். பட்டாபிராமன் பாய்ந்து, அதன் ஒல்லி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

“நெத்தியில வை தாயே! வாயில மட்டும் வைக்காதே!”