கடைசிக் கடை

"வாயால பண்ணிக் காட்டுங்க சிஸ்டர்," என்றார் மெக்கானிக், ஸ்டூலை இழுத்துப் போட்டபடி.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எந்த வண்டி வந்தாலும், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால், அது போடும் சத்தத்தைச் சொந்தக்காரர் வாயால் செய்து காட்டியாக வேண்டும். டை கட்டிய வங்கி மேலாளர் ஒருவர் இதே ஸ்டூலில் உட்கார்ந்து எச்சில் தெறிக்க "டுர்ர்… டப்" என்று செய்திருக்கிறார். கணக்கு வாத்தியார் ஒருவர் கூச்சப்பட்டு முடியாது என்றுவிட்டார். அவர் வண்டி இரண்டு நாள் மூடிய பானெட்டோடு வாசலிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் வாத்தியார் தாளம் போட்டே செய்து காட்டினார்.

நர்ஸுக்கு நாற்பது வயதிருக்கும். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "நெஞ்சு சளி கட்டினவங்க மாடிப்படி ஏறினா எப்படி மூச்சு வாங்கும்? அந்த மாதிரி அண்ணே," என்று சொல்லிவிட்டு, "ஹுக்… ஹுக்… ஹா… ஹுக்," என்றார்.

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்த அறையில் தையல் மிஷின் நின்றது. அங்கே தைப்பது அவர் மனைவி. இந்தக் கச்சேரியை அந்த அம்மாள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

"நாலு பேர் செய்யிற வேலையில ஒருத்தன் அப்பப்ப மட்டம் போடுறான்," என்றார் கண்ணைத் திறந்து. நான்கு சிலிண்டரில் ஒன்று சரியாக எரியவில்லை என்று அர்த்தம்.

கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. மழை தின்றது போக மிஞ்சியது வெறும் தகரம். ஜனங்கள் அதைக் கடைசிக் கடை என்கிறார்கள். தெருவின் நட்டநடுவில்தான் இருக்கிறது. நாலு இடத்தில் காட்டி, நாலு பேரும் கைவிரித்த பிறகுதான் வண்டிகள் இங்கே வந்து சேரும் என்பதால் அந்தப் பெயர். அவருக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. "நேரா எங்கிட்ட வந்துட்டா என் அருமை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

ஐம்பத்து மூன்று வயது, ஒடிசலான உடம்பு, காதோரம் மட்டும் நரை. பேன்ட்டின் பின்பாக்கெட்டில் நாலாக மடித்த மஞ்சள் துணி ஒன்று எப்போதும் இருக்கும். அதை வேறு யாரும் தொடக் கூடாது. கழற்றிய திருகாணியைக் கூட அதால் துடைக்காமல் கீழே வைக்க மாட்டார், துடைக்காமல் திரும்ப மாட்டவும் மாட்டார். "எங்க பொண்ணு குழந்தையா இருந்தப்ப அவ மூக்கைக் கூட இந்த மனுஷன் இப்படித் துடைச்சதில்ல," என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

உள்சுவரில் ஒரு கரும்பலகை. எந்தப் பள்ளிக்கூடம் கழித்துப் போட்டதோ, பழைய சாமான் கடையில் பிடித்து வந்தார். வண்டி சரியானதும் அதில் ஒரு வரி எழுதுவார்: எந்த வண்டி, பழுதுக்கு யார் காரணம். அவ்வளவுதான். வெள்ளை வேன் – எலி. டாக்டர் கார் – டாக்டர். வங்கி மேலாளர் கார் – மச்சான். பால் வண்டி – நான். டாக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பி அழிக்கச் சொன்னார். "உண்மையை எழுதலைன்னா சாக்பீஸ் எதுக்கு?" என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தப் பலகைக்குப் பயந்தே சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள் என்பது மனைவியின் கட்சி.

நர்ஸின் காருக்குப் பதினெட்டு வயது. இவர் மூன்றாவது சொந்தக்காரர். மூன்று கடை ஏறி இறங்கியாயிற்று. பிளக், ஒயர், காயில், பெட்ரோல் ஃபில்டர், பம்ப் எல்லாம் புதிது. கழற்றிய பழசையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். "மாத்தாம விட்டது என்னை மட்டும்தான் அண்ணே," என்றார்.

நர்ஸின் வேலை வீடு வீடாகப் போவது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் கட்டுவது, ஊசி போடுவது, குழாய் மாற்றுவது. செவ்வாயும் வியாழனும் பக்கத்து வீடுகள். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் தூரம். அந்தத் தூரத்து நாட்களில் ஒரே மாதத்தில் நாலு முறை தாமதம். இன்னொரு முறை தாமதமானால் மறுபடி வார்டு வேலைதான், ராத்திரி முறையோடு, என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். வீட்டில் அப்பா மட்டும். போன வருஷம் குளியலறையில் விழுந்ததிலிருந்து இரவில் அவரைத் தனியாக விட முடியாது. "இந்த வண்டி ஓடினாத்தான் அண்ணே நான் வீட்டுல இருக்க முடியும்," என்றார் நர்ஸ். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

அன்று செவ்வாய்க்கிழமை. வண்டியில் ஒரு குறையும் இல்லை. மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் ஒயராகப் பிடுங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் தள்ளாடியது. நாலும் வேலை செய்கிறது என்று அர்த்தம். நாலு பிளக்கையும் கழற்றினார். இரண்டாவது பிளக்கின் கழுத்தில் டீக்கறை போல ஒரு துருவளையம். மஞ்சள் துணியால் ஒரு திருகு திருகினார், பளிச்சென்று ஆகிவிட்டது. மாட்டினார். மேட்டில் ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். வண்டி சமர்த்துப் பிள்ளையாக ஓடியது.

"டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் விட்ட மாதிரி இருக்கு," என்றார். "நாளைக்கு ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

புதன்கிழமை காலையிலேயே போன் வந்தது. "அண்ணே, தெருமுனை கூடத் தாண்டல. ஹுக் ஹுக் ஆரம்பிச்சிடுச்சு. பாதி வழி போனதும் அந்தச் சத்தம் தானா அடங்கிடுச்சு. பத்து நிமிஷம் லேட். மேலதிகாரிகிட்ட கெஞ்சினேன், வெள்ளிக்கிழமை ஒரு தடவை பாப்பேன், அதோட சரின்னுட்டாங்க."

அன்று முழுக்க அவருக்குக் கை ஓடவில்லை. தூரம் போனால் திணறுகிறது என்று நம்பித்தான் மற்றவர்கள் பம்ப்பையும் ஃபில்டரையும் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் திணறல் தெருமுனையிலேயே ஆரம்பிக்கிறது. தூரம் போகப் போகச் சரியாகிறது. பக்கத்தில் போகிற நாளில் அதே தெருமுனையில் சத்தமே இல்லை.

சாப்பிடும்போது வாய்விட்டே கேட்டுவிட்டார். "இன்னிக்குத் தூரம்னு வண்டிக்கு எப்படித் தெரியும்?"

"நான் எங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பற அன்னிக்கு உங்களுக்குக் காய்ச்சல் வருதே, அது எப்படித் தெரிஞ்சு வருது?" என்றார் மனைவி. "அந்த வீட்டுல யாராவது அதுகிட்ட சொல்லியிருப்பாங்க."

சாதாரணமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு முறைப்பார். அன்று, "அந்த வீட்டுல யாராவது…" என்று அதையே திருப்பிச் சொல்லிவிட்டு, பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் சைக்கிளை மிதித்துக்கொண்டு நர்ஸ் வீட்டுக்கே போய்விட்டார். நோயாளி வண்டியை வீட்டில் போய்ப் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. பனியனும் மடித்துவிட்ட பைஜாமாவுமாக ஒரு பெரியவர் காருக்கு முன்னால் நின்றிருந்தார். பானெட் திறந்திருந்தது. கையில் தோட்டத்து ரப்பர் குழாய். எஞ்சின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மெக்கானிக் தம்பியா? வாங்க வாங்க," என்றார் பெரியவர், குழாயை நிறுத்தாமலே. "இன்னிக்கு தூரம் போகுது. எஞ்சின் சூடாகிடக் கூடாதில்ல? அதான் நல்லா குளிர விட்டுடறேன். பக்கத்துல போற நாள்ல மேலாகத் துடைச்சாப் போதும். அவ எழுந்திரிக்கறதுக்குள்ள பானெட்டை மூடிடுவேன்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "அவளுக்குன்னு நான் செய்யறது இது ஒண்ணுதான் தம்பி," என்றார்.

மெக்கானிக் குழாயை வாங்கிக் கீழே போட்டார். இரண்டாவது பிளக்கின் மூடியை இழுத்தார். ஒயரை மாற்றியவர்கள் பழைய மூடியையே மாட்டியிருந்தார்கள்; அதைச் சுற்றியிருந்த ரப்பர் வயசாகிக் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே பிளக் உட்காரும் குழியில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். பொறி நீரில் பாய்ந்து வீணாகும், எஞ்சின் சூட்டில் தண்ணீர் வற்றும், பாதி வழியில் வண்டி தேறிவிடும். எந்தக் கடைக்குப் போனாலும் போய்ச் சேர்வதற்குள் காய்ந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை துடைத்தெறிந்த துருவளையம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. புது பிளக். புது பிளக்கில் துரு ஏது? சுரீரென்றது. யாராவது நாலு அறை விட்டால் தேவலை என்றிருந்தது.

பெரியவரும் குழியை எட்டிப் பார்த்தார். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நானா?" என்றார். கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மூணு கடையில அலைஞ்சாளே தம்பி. நானா?"

அவர் பின்பாக்கெட்டிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து நீட்டினார். "ஏழு மணிக்குக் கிளம்பணும் அவங்க. நல்லா முறுக்கி உள்ள விட்டு உறிஞ்சுங்க ஐயா. ஒரு சொட்டு நிக்கக் கூடாது."

பெரியவர் நாலு குழியையும் துடைத்தார். மெக்கானிக் அவசரப்படுத்தவில்லை.

நர்ஸ் வெளியே வந்து சாவியைத் திருப்பியபோது எஞ்சின் ஒரே சீராகப் பிடித்தது. "என்ன அண்ணே பண்ணீங்க?"

"சாயங்காலம் வாங்க சிஸ்டர். பிளக் மூடி ரப்பர் மாத்தணும். பலகையில எழுதிக் காட்டறேன்."

பலகையைப் பற்றிப் பெரியவருக்கு மகள் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அவர் முகம் சுருங்கியது.

நாலு மணிக்கு நர்ஸ் வந்தார். எல்லா வீட்டுக்கும் சொன்ன நேரத்துக்குப் போய்விட்டதாகச் சொல்லும்போது சிரிப்பு அடங்கவில்லை. கூடவே அப்பாவும் வந்து இறங்கினார். வரவே கூடாது என்று நினைத்தவர் மாதிரி கதவைப் பிடித்தபடி நின்றார். ரப்பர் மாற்றக் கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு மெக்கானிக் சாக்பீஸை எடுத்தார். அடுத்த அறையில் தையல் மிஷின் நின்றது. பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் கார் – என்று எழுதினார். கொஞ்சம் நிறுத்தி, நான் என்று முடித்தார்.

"நீங்களா?" என்றார் நர்ஸ்.

"பிளக் குழியில தண்ணி பூந்திருக்கு சிஸ்டர். முதல் நாளே துருவைப் பாத்தேன். யோசிக்காம துடைச்சு மாட்டிட்டேன். அன்னிக்கே பிடிச்சிருந்தா புதன்கிழமை நீங்க பேச்சு வாங்கியிருக்க வேண்டாம்."

"தண்ணியா? மழையே இல்லையே அண்ணே?"

அவர் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றார். பதில் காருக்கு அருகிலிருந்து வந்தது.

"நான்தாம்மா. நீ தூரம் போற நாளெல்லாம் எஞ்சினைக் கழுவி விட்டேன்."

நர்ஸ் திரும்பி அப்பாவைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ தூங்கிட்டு இருந்தியேம்மா," என்றார் பெரியவர். நர்ஸ் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் பலகைப் பக்கம் தலையை ஆட்டினார். "தம்பி, உண்மையைத்தான் எழுதுவீங்களாமே. என்னையும் எழுதுங்க."

"இடம் இல்லீங்க ஐயா," என்றார் அவர்.

பலகையில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. சாக்பீஸை வைத்துவிட்டுப் பழக்கத்தில் பின்பாக்கெட்டுக்குக் கையைக் கொண்டுபோனார். துணி அங்கே இல்லை. துவைத்து, காய வைத்து, நாலாக மடித்து, பெரியவர் அதைத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தார். மெக்கானிக் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. சாக்பீஸ் தூளைத் தன் பேன்ட்டிலேயே துடைத்துக்கொண்டார்.